நாலாம் தண்ணி

பிள்ளைகளே,

என்னுடைய வேலை என்னவென்று உங்கள் மூன்று பேருக்கும் இன்றுவரை தெரியாது. ஸஹ்லா பள்ளிக்கூடப் படிவத்தில் ‘மின்சார வேலை’ என்று எழுதினாள். றிஸ்வானின் கலியாணப் பேச்சில் நான் ‘டோர்ச் கம்பனி’ ஆனேன். சின்னவன் நஸீம் தன் கூட்டாளியிடம், “வாப்பா முந்தி பெயின்ட் அடிச்சவரு” என்று சொன்னதை என் காதாலேயே கேட்டேன். மூன்றும் பிழை. நான் அலுமினிய டோர்ச் லைட்டின் உள்பக்கத்துக்குப் பூச்சுப் பூசினவன். இருபத்தாறு வருஷம் அதைத்தான் செய்தேன். வெளிப்பக்கம் அல்ல, உள்பக்கம்.

போன வெள்ளிக்கிழமை நடந்த சங்கதிதான் என்னை இதை எழுத வைத்தது. அலுமாரிக்கு மேல் நான் கவிழ்த்து வைத்திருக்கும் அரைக் குழாயை உங்களில் யாரோ மறுபடி நிமிர்த்தி, அதற்குள் பேனையும் சாவியும் போட்டிருந்தீர்கள். எடுத்துக் கவிழ்த்தேன். ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தால் திரும்பவும் நிமிர்ந்து கிடக்கிறது. கேட்டால் றிஸ்வான் சொல்கிறான்: “பழைய டோர்ச்சுத் துண்டுதானே வாப்பா. நிமிந்து கிடந்தா என்ன, கவுந்து கிடந்தா என்ன.”

சரி, விட்டேன். அன்றைக்குப் பின்னேரம் அவனுடைய கடையில் விற்கிற புது டோர்ச் ஒன்றைக் காட்டினான். அலுமினியம்தான். பின்மூடியைக் கழற்றிச் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன். உள்ளே வெறும் உலோகம்.

“உள்ளுக்கு ஒண்டும் பூசல்லயே மகன்.”

“உள்ளுக்கு ஆர் வாப்பா பாக்கப்போற?”

இந்த ஒரு வசனத்தை இருபத்தாறு வருஷம் கேட்டுக் களைத்தவன் நான். முதலாளி சொல்லியிருக்கிறார், கடைக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள், உங்கள் உம்மாகூடச் சொல்லியிருக்கிறா. உள்ளே பார்த்த ஆட்களும் இருந்தார்கள். அதை நீங்கள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

முதலில் பூச்சு எதற்கு என்று விளங்குங்கள். அலுமினிய டோர்ச்சில் குழாய் என்பது பற்றரியை வைக்கிற பெட்டி மட்டும் அல்ல. மின்சாரம் திரும்பி வருகிற பாதையும் அதுதான். பின்மூடியின் சுருள் கம்பி தொடுகிற விளிம்பும், தலைப்பகுதி முறுக்கிப் பூட்டுகிற புரியும் வெறும் உலோகமாக இருக்க வேண்டும். அங்கே பூச்சுப் பட்டால் டோர்ச் பற்றாது, வெளிச்சம் வராது. மற்ற இடமெல்லாம் பூச்சு இருக்க வேண்டும். ஏனென்றால் பழைய பற்றரி அழும். அந்தக் கசிவு அலுமினியத்தைத் தின்னும், வெள்ளைப் பொடி பூக்கும், பற்றரி வீங்கிக் குழாயோடு இறுகிவிடும். பிறகு அல்லாஹ்வைத் தவிர யாராலும் அதை வெளியே எடுக்க ஏலாது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அரிசி ஆலையில் மூட்டை தூக்கினேன், சைக்கிள் கடையில் இருந்தேன், பிறகு கல்யாணமாகி ஸஹ்லா பிறந்த வருஷம் கல்முனைக் கடற்கரைப் பக்கம் இருந்த டோர்ச்சுப் பட்டறையில் சேர்ந்தேன். கொழும்பில் இருந்து வெறுங்குழாய் வரும். நாங்கள் பூசி, பொருத்தி, பெட்டியில் போட்டு அனுப்புவோம். வேலை பழக ஒரு வருஷம் போனது. அதில் கையைச் சுட்டது நாலு தரம், ஏச்சு வாங்கினதுக்குக் கணக்கு இல்லை. அதைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை.

வேலை இப்படித்தான். முதல் தொட்டியில் சோடாத் தண்ணி, எண்ணெய் போக. அடுத்து காரத் தொட்டி. குழாயை இறக்கினால் புசுபுசுவென்று நுரைக்கும், அரை நிமிஷத்துக்கு மேல் விட்டால் குழாய் மெலிந்து போகும். வெளியே எடுக்கும்போது அடுப்புக்கரி பூசினது போல் கறுத்திருக்கும். அதை அமிலத் தொட்டியில் நனைத்தால் வெள்ளி மாதிரி வெளுக்கும். ஒவ்வொரு தொட்டிக்கும் பிறகு ஒரு கழுவல், மூன்றும் முடிந்ததும் இன்னும் ஒரு கழுவல். கடைசிக் கழுவலுக்குப் பட்டறையில் ‘நாலாம் தண்ணி’ என்று பேர். அதற்குப் பிறகு குழாயின் உள்பக்கத்தைக் கையாலும் தொடக்கூடாது, துணியாலும் தொடக்கூடாது. கம்பியில் குத்தி நிறுத்தி வெயிலில் காயவைத்து, பூச்சை ஊற்றி, உருட்டி, வடித்து, சூட்டடுப்பில் வைத்து எடுப்போம். கடைசியில் விளிம்பையும் புரியையும் சுரண்டி வெளிச்சமாக்குவோம்.

நாலாம் தண்ணி நல்ல தண்ணியாக இருக்க வேண்டும். அதில் உப்பு இருந்தால் அந்த உப்பு பூச்சுக்குக் கீழே காய்ந்து கிடக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆறு மாதத்தில் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பும். எங்கள் பட்டறைக் கிணறு கடலுக்குக் கிட்ட. மாரியில் இனிக்கும், கோடையில் சவர், உப்புக் கரிக்கும். ஆகையால் ஒவ்வொரு நாள் காலையிலும் ஹனீபா பாஸ் அந்தத் தண்ணியை ஒரு வாய் எடுத்துச் சுவைத்துப் பார்ப்பார். சவர் என்றால் துப்பிவிட்டு, “நற்பிட்டிமுனை” என்பார். அவ்வளவுதான். நற்பிட்டிமுனைக் கிணற்றில் இருந்து லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் கேன் கேனாகத் தண்ணி வரும்.

ஹனீபா பாஸ் எங்களுக்கு மேலாள். அவரோடு வேலை செய்வது எவ்வளவு கரைச்சல் என்று செய்தவனுக்குத்தான் தெரியும். நல்லது என்ற சொல் அவர் வாயில் வராது. கூடாது என்றும் வராது. காய்ந்த குழாய்களை வரிசையாக வைத்தால், ஒவ்வொன்றிலும் சுண்டுவிரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றுவார். சரியென்றால் வாயோரத்தில் ஊசியால் ஒரு புள்ளி. பிழையென்றால் குழாயைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். என்ன பிழை என்று சொல்லமாட்டார். நாமே தேட வேண்டும். ஒருநாள் பன்னிரண்டு குழாயைக் கவிழ்த்தார். “என்ன பாஸ் பிழை?” என்று கேட்டேன். “கண் இரிக்கிதானே” என்றார். எனக்கு வந்த கோபத்தில் பகல் சோறு இறங்கவில்லை. பிழை இருந்தது என்பது வேறு விஷயம்.

நோன்பு மாதம் வந்தால் ஒரு பிரச்சினை. நோன்போடு பாஸ் தண்ணியைச் சுவைக்கமாட்டார். நாக்கில் வைத்துத் துப்பினால் நோன்பு முறியாது என்று பள்ளிவாசல் லெப்பை சொல்லியும் கேட்கவில்லை. “முறியிற முறியாத கதை இல்ல. நோன்பாளிட நாக்குக்கு எல்லாத் தண்ணியும் இனிப்புத்தான். அது தீர்ப்புச் செல்ல ஏலா” என்பார். அதனால் அந்த முப்பது நாளும் தண்ணி பார்ப்பது சிவலிங்கண்ணன்.

அவர் பாண்டிருப்பு ஆள். சூட்டடுப்பு அவர் பொறுப்பு. என்னைவிட ஏழெட்டு வயது மூப்பு. காலையில் தண்ணியை வாயில் விட்டு, கண்ணை மூடி, எங்கள் எல்லாரையும் காயவிட்டு, விழுங்கிவிட்டுச் சொல்வார்: “ஆகா, என்ன குளிர்மை. நீங்களும் ஒள்ளுப்பம் குடிக்கிறதுதானே தம்பிமார்.” பாஸ்கூட அதற்குச் சிரிப்பார். வருஷத்தில் அந்த மாதம்தான் அவர் சிரிப்பைப் பார்க்கலாம்.

பிறகு கடல் வந்தது. அதைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை, நீங்களும் ஓடினவர்கள்தான். பட்டறைத் தொட்டிகள் கவிழ்ந்து, குழாய் எல்லாம் மண் அடைந்து கிடந்தன. சிவலிங்கண்ணனின் மூத்த மகளைக் கடல் கொண்டு போனது. கடல் சத்தம் கேட்கிற இடத்தில் இனி வேலை செய்ய ஏலாது என்று சொல்லி, மனைவி புவனா அக்காவையும் மற்றப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, திருக்கோவில் ஊருக்கு உள்பக்கம் அக்காவின் அண்ணன்மாரின் வயலுக்குப் போய்விட்டார். பட்டறை திரும்பத் திறக்க எட்டு மாதம் ஆனது.

திறந்து கொஞ்ச நாளில் நோன்பு வந்தது. வீடு இழந்து கொட்டில்களில் இருந்த சனத்துக்குக் கொடுக்கவென்று பெரிய ஓடர் ஒன்றும் வந்தது. முதலாளி பெருநாளுக்கு முதல் முடி என்று நிற்கிறார். கிணற்றை மூன்று தரம் இறைத்தாயிற்று, இனி நல்ல தண்ணிதான் என்று ஊரே சொல்கிறது. பாஸ் மட்டும் நம்பவில்லை. “லாபீர், ரோட்டுக்குப் போ. நோன்பில்லாத ஆரையும் பிடிச்சு ஒரு வாய் குடுத்துப் பாரு” என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

நினைத்துப் பாருங்கள். நோன்பு நேரத்தில், கல்முனையில், ஒரு தொப்பி போட்ட மனிசன் கையில் தண்ணிக் கோப்பையோடு ரோட்டில் நின்று, போகிற தமிழ் ஆட்களை மறித்து “அண்ணன், இத ஒருக்காக் குடிச்சுப் பாருங்க” என்கிறான். காலமும் சும்மா காலம் அல்ல, ஆளை ஆள் நம்பாத காலம். முதல் நாள் ஒருவர் கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நீங்க முதல்ல குடிங்க” என்றார். நோன்பு என்றேன். “அப்ப நானும் நோன்பு” என்று சொல்லி சைக்கிளை மிதித்தார். ஐந்தாவது ஆள் மீன்காரர். அவர்தான் குடித்தார். சவர் என்றார். நற்பிட்டிமுனைத் தண்ணி எடுப்பித்தோம். இரண்டாம் நாள் ஒரு அம்மா குடிக்கப்போக, அவவுடைய மகன் வந்து கோப்பையைத் தட்டிவிட்டான். கூட்டம் கூடிவிட்டது. எனக்கு மானம் போனது.

மூன்றாம் நாள் நான் ரோட்டுக்குப் போகவில்லை. கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிப் பார்த்தேன். நுரைத்தது. நுரைத்தால் நல்ல தண்ணிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாஸ் வந்தார். “நாலாம் தண்ணி பாத்தாச்சா?”

“ஓம் பாஸ்.”

“ஆரு குடிச்ச?”

“ரோட்டால போன ஆள் ஒண்டு. இனிப்பாம்.”

அன்றைக்குக் கழுவின குழாய் முன்னூறுக்குக் கிட்ட. காய்ந்த பிறகு கண்ணாடி மாதிரி இருந்தன. பாஸ் விரலை விட்டுச் சுற்றினார், ஒன்றையும் கவிழ்க்கவில்லை. எனக்கு நல்ல சந்தோஷம். அந்தத் தொகுதியில் இருந்து ஒன்றை எடுத்து, சிவலிங்கண்ணனுக்கு என் பரிசாக அனுப்பினேன். வயலில் இரவு யானைக் காவலுக்கு அவருக்கு நல்ல டோர்ச் தேவை.

பிறகு இரண்டு மூன்று வருஷம் ஓடியது. சண்டை கிழக்கில் இறுகி, ஓய்ந்து, சோதனைச் சாவடிகள் மட்டும் ஓயாமல் இருந்த காலம். சாவடியில் டோர்ச் வைத்திருந்தால் மூடியைத் திறக்க வேண்டும், பற்றரியை வெளியே தட்ட வேண்டும், குழாயைக் கண்ணில் வைத்து உள்ளே பார்ப்பார்கள். என் வேலையைப் பார்த்த ஆட்கள் இருந்தார்கள் என்றேனே, பாஸுக்குப் பிறகு அவர்கள்தான்.

ஒருநாள் முற்பகல் புவனா அக்கா பட்டறை வாசலில் வந்து நின்றா.

“தம்பி லாபீர், காலையில இவர மறிச்சு வெச்சிட்டாங்க. அக்கரைப்பத்துக்கு இஞ்சால் பக்கச் சாவடியில. டோர்ச்சுக்குள்ள பற்றரி இறுகிக் கிடக்காம், வெளிய வருகுதில்லயாம். வேற என்னமோ அடைச்சிரிக்கி எண்டு நினைக்கிறாங்க. பின்னேரம் வண்டி வருமாம். ஏத்தினா எங்க கொண்டு போறதெண்டு கேக்க ஏலாது.” மூச்சு வாங்கினா. “அது உங்கட டோர்ச்சுத்தானே தம்பி. நீங்க வந்து திறந்து காட்டுங்கோவன்.”

வண்டியில் ஏற்றப்பட்டவர்களில் எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்று அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அரிவாளும் சுத்தியலும் எடுத்தேன். இரும்பு அரிகிற வாளைச் சொல்கிறேன். மோட்டார் சைக்கிளைத் தள்ளினேன். பின்னால் பாஸ் ஏறி உட்கார்ந்தார். “நீங்க எதுக்கு பாஸ்?” என்றேன். “உனக்குச் சிங்களம் தெரியுமா?” என்றார்.

சாவடியில் சிவலிங்கண்ணன் ஒரு வாங்குப் பலகையில் செருப்பில்லாமல் இருந்தார். என்னைக் கண்டதும் ஒரு சிரிப்பு. “மூணு மாசமா பத்துதில்ல தம்பி. திறக்கவும் ஏலல்ல. உன்னட்டக் காட்டுவம் எண்டுதான் கொண்டு வந்தனான்.”

என்னிடம் காட்டத்தான் கொண்டு வந்திருக்கிறார்.

அதிகாரி இளம் ஆள், மரியாதையானவர். டோர்ச்சைத் தூரத்தில், மண்மூட்டைகளுக்கு அங்கால் வைத்திருந்தார். அதன் வாயோரத்தில் இரண்டு கீறலும் ஒரு புள்ளியும் இருப்பதை ஏற்கனவே பார்த்திருந்தார். கீறல் என் அடையாளம், புள்ளி பாஸின் அடையாளம். இது உங்கள் சாமானா என்று கேட்டார். ஓம் என்றோம். ஏன் பற்றரி வரவில்லை என்று கேட்டார்.

பாஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சிங்களத்தில் சொன்னார், பிறகு எனக்கும் தமிழில் சொன்னார்: “எங்கட பட்டறையில பூசின குழாயில பற்றரி இறுகாது. இவ்வளவு காலத்தில ஒண்டு இறுகல்ல.”

அதிகாரி தலையாட்டினார். சிவலிங்கண்ணனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, மெதுவான தமிழில் சொன்னார்: “அப்படி என்றால், இவர்தான் உள்ளே ஏதோ செய்திருக்கிறார்.”

பாஸுக்கு முகம் வெளிறிவிட்டது. தன் வாயால் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கு விளங்கியது. ஆனால் சொன்னதை எப்படி மாற்றுவார்? அவர் அறிந்தவரைக்கும் அது உண்மை. பொய் என்று தெரிந்தவன் அங்கே ஒருவன்தான் நின்றான்.

“நான்தான் பிழை செஞ்ச” என்றேன். “நோன்பு மாசம். நாலாம் தண்ணிய ஒருத்தருக்கும் குடுத்துப் பாக்கல்ல. சவர்த் தண்ணியில கழுவிட்டன். பாஸ் கேட்ட நேரம் பாத்தாச்சு எண்டு பொய் சென்ன.”

வேகமாகச் சொன்னதால் அதிகாரிக்கு விளங்கவில்லை. பாஸைப் பார்த்து, இவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். அதை ஹனீபா பாஸ்தான் சிங்களத்தில் சொல்ல வேண்டியிருந்தது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு, வசனம் வசனமாக, ஒன்றையும் விடாமல் சொன்னார். எனக்கு ‘லுணு’ என்ற சொல் மட்டும் விளங்கியது. உப்பு.

அதிகாரி டோர்ச் கிடந்த பக்கத்தைப் பார்த்தார். “அரிந்து காட்டுங்கள்” என்றார். எல்லாரையும் பின்னுக்குப் போகச் சொன்னார். நான் மட்டும் மண்மூட்டைக்கு அங்கால் போனேன். குழாயைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, கால் இடுக்கில் வைத்தால் வழுக்குகிறது. பார்த்தால் பாஸ் வந்து பக்கத்தில் குந்திவிட்டார். சிப்பாய் கூப்பிட்டான், அவர் கேட்காதவர் போல் இருந்தார். இரண்டு கையாலும் குழாயை நிலத்தோடு அழுத்திப் பிடித்தார். முக்கால் மணித்தியாலம் அரிந்தேன், நீளவாக்கில், இரண்டு பக்கமும்.

குழாய் இரண்டாகப் பிளந்தது. உள்ளே வீங்கின பற்றரி மூன்று, வெள்ளைப் பொடி, அம்மைக் கொப்புளம் மாதிரி எழும்பி உதிர்ந்த என் பூச்சு. வேறு ஒன்றும் இல்லை. அதிகாரி வந்து குனிந்து பார்த்தார். பற்றரியை ஒரு தடியால் உருட்டிப் பார்த்தார். பிறகு சிவலிங்கண்ணனுக்குச் செருப்பைக் கொடுக்கச் சொன்னார்.

பாஸ் ஒரு பாதியைக் கையில் எடுத்தார். சுண்டுவிரலால் உள்ளே ஒரு இழுவை இழுத்தார். நான் என்ன ஏச்சுக்கும் தயாராக இருந்தேன். அவர் ஏசவில்லை. தன் புள்ளி இருந்த இடத்தை நகத்தால் சுரண்டினார். பிறகு அந்தப் பாதியை எனக்கு முன்னால் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பிப் போய் மோட்டார் சைக்கிளடியில் நின்றார்.

சிவலிங்கண்ணன் வந்து பக்கத்தில் குந்தினார்.

“நோன்பு மாசத்துக் குழாயா இது?”

“ஓம் அண்ணன்.”

“ஒரு ஆள அனுப்பியிருந்தா வந்து ஒரு வாய் குடிச்சிட்டுப் போயிருப்பனே.” பிறகு, “கடல் சத்தமெண்டா காதப் பொத்திக்கொண்டு குடிக்கிறது” என்றார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். நான் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு அந்த முன்னூறையும் திரும்பச் சேர்க்க நான் பட்ட பாட்டை எழுதினால் தாள் போதாது. என் கீறலைச் சொல்லிச் சொல்லி மருதமுனையில் இருந்து பொத்துவில் வரைக்கும் வெள்ளிக்கிழமைகளில் அலைந்தேன். பாதிச் சனம் தர மறுத்தது. “பத்துதுதானே, உள்ளுக்கு ஆர் பாக்கிற?” சாவடி இருக்கிறதே என்றால், “எங்கள ஆர் மறிக்கப்போற?” ஒருவர், நான் நல்ல டோர்ச்சை எடுத்துவிட்டுக் கூடாததைக் கொடுக்க வந்திருப்பதாகச் சொல்லி நாயை அவிழ்த்துவிட்டார். தொண்ணூற்றுச் சொச்சம்தான் கையில் வந்தது.

அடுத்த நோன்பு முதல் நாள், நாங்கள் கூப்பிடாமலே சிவலிங்கண்ணன் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். கிணற்றடிக்குப் போனார். கடல் இரைந்துகொண்டிருந்தது. அவர் காதைப் பொத்தவில்லை. ஒரு வாய் குடித்தார், துப்பினார், “சவர்” என்றார், வந்த வழியே ரோட்டுக்குப் போய் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார். பாஸ் என்னைப் பார்த்து, “நற்பிட்டிமுனை” என்றார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் வேலை பற்றி என்னோடு கதைத்த முதல் சொல் அதுதான்.

சண்டை முடிந்தது. சாவடிகள் ஒவ்வொன்றாக எடுபட்டன. அல்ஹம்துலில்லாஹ், யாரும் இனி டோர்ச்சைத் திறந்து காட்டத் தேவையில்லை. அதோடு முதலாளிக்கும் ஞானம் பிறந்தது. உள்பூச்சு எதற்கு, யார் பார்க்கிறார்கள் என்று நிறுத்தினார். பாஸ் அன்றைக்கே வேலையை விட்டு வீட்டுக்குப் போய்விட்டார். கொஞ்சக் காலத்தில் பட்டறையும் மூடியது.

றிஸ்வான், நீ விற்கிற டோர்ச்சை நான் பிழை சொல்லவில்லை. விற்கும்போது, மாதத்துக்கு ஒருக்கால் பற்றரியை வெளியே எடுத்துப் பார்க்கச் சொல்லி விற்றுவிடு. அது போதும்.

மற்றது, சாவடியில் இருந்து நான் எடுத்து வந்து அலுமாரிக்கு மேல் வைத்த அந்தத் துண்டு. அதை நான் கவிழ்த்து வைக்கவில்லை. ஹனீபா பாஸ் கவிழ்த்து வைத்தது. பேனை வைக்க வேறு கோப்பை வாங்கித் தருகிறேன். அதை யாரும் நிமிர்த்த வேண்டாம்.